நான் வரைந்த விரிசல்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மறுபடியும் ரயில் ஓட ஆரம்பித்திருந்த சமயம். போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக டிராயிங் மாஸ்டராக இருந்தேன். தற்காலிகம் என்றால், கோடை விடுமுறை விட்டதும் வேலை போய்விடும். பள்ளி திறக்கும்போது தலைமையாசிரியர் வீட்டு வாசலில் போய் நின்று மறுபடியும் கேட்டு வாங்க வேண்டும். கரும்பலகையில் பூச்சாடி வரைந்து போட்டு, அதைப் பார்த்துப் பையன்கள் பூசணிக்காய் வரைவதைத் திருத்திக்கொண்டு காலத்தை ஓட்டினேன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து வந்தவன் என்ற மிதப்பு மட்டும் குறையவில்லை.

அந்த வருஷம் மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்து பங்களாவில் ஓர் அமெரிக்கத் தம்பதி வந்து தங்கியிருந்தார்கள். ஏலச் செடிக்கு வரும் நோயை ஆராய வந்தவர் கணவர். அந்த அம்மாள் ஓவியர். சுவரில் மாட்டுகிற மாதிரி சாமி படம், சாயங்கால வானம் எல்லாம் வரைகிறவர் இல்லை. அவர் இளவயதில் அவர்கள் நாட்டில் பெரிய வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததாம். அப்போது அரசாங்கமே ஓவியர்களைக் கூப்பிட்டு, நாட்டுப்புறத்து மனிதர்கள் செதுக்கிய மரச் சாமான்களையெல்லாம் உள்ளது உள்ளபடி வாட்டர் கலரில் வரையச் சொல்லிச் சம்பளம் கொடுத்ததாம். அந்த வேலையில் கை பழகினவர். மலையில் வந்து சும்மா இருக்க முடியவில்லை. நம் பக்கத்து மர வேலைகளையும் அதே முறையில் வரைந்து ஊருக்கு அனுப்ப ஆசைப்பட்டார். ஆனால் நம் கோயில்களுக்குள் அவரை விட மாட்டார்கள். அதற்கு ஓர் உள்ளூர்க் கை வேண்டும். எப்படியோ என் பெயர் அவர் காதுக்கு எட்டிவிட்டது.

தோட்டத்து ஜீப்பில் என்னைக் கூட்டிப்போனார்கள். பங்களா வராந்தாவில், தான் அந்தக் காலத்தில் வரைந்த சில தாள்களை அந்த அம்மாள் மேசைமேல் பரப்பிக் காட்டினார். கப்பலின் முகப்பில் வைக்கிற மரப் பெண், புகையிலைக் கடை வாசலில் நிற்கிற மர மனிதன், கூரைமேல் காற்றுக்குத் திரும்புகிற மரச் சேவல். கடைசியாகக் குடைராட்டினத்துக் குதிரை ஒன்று. அதற்கு ஒரு காது உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் மரத்தின் நார் பிரிந்து நிற்பதும், கழுத்துச் சாயம் பிள்ளைகள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்து கீழே பழைய சாயம் எட்டிப் பார்ப்பதும் அப்படியே இருந்தன. காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நாலு வருஷம் ஓவியப் பள்ளியில் நான் கற்றதெல்லாம் பூசணிக்காய்தான் என்று அன்றைக்கு உறைத்தது.

அந்த முறையில் ஒரே ஒரு சட்டம்தான். இருப்பதை விடக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. பூச்சி அரித்த ஓட்டை என்றால் ஓட்டை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிசுக்கு. பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்து, துணியில் ஒத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, ஏறக்குறையக் காய்ந்த முனையால் கோடு கோடாக ஏற்ற வேண்டும். ஒரு சாண் மரத்துக்கு ஒரு பகல் போய்விடும். அழகாக வரைகிறேன் பேர்வழி என்று எதையாவது சீர்படுத்தினால் அந்த அம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். முதல் மாதம் முழுக்கத் திரும்பி வந்ததுதான் அதிகம்.

ஆனால் வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்னொரு ஆசையும் இருந்தது. சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் ஓவியர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, உன் தாள்களைக் காட்டி நானே சிபாரிசு செய்கிறேன் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். நிரந்தர உத்தியோகம். பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் அம்மா, "கையில இருக்கிற சோத்த விட்டுட்டுப் பந்தி தேடிப் போறியே" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கதவு நிலையில் செதுக்கின யாளி, நெல் அளக்கிற மரக்கால் படி, காவடிக் கட்டை என்று பலதும் வரைந்த பிறகு அந்த அம்மனிடம் வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். ராசிங்காபுரத்திலிருந்து பொட்டிபுரம் போகிற பக்கத்தில், மலையை ஒட்டி இருக்கிற ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேங்கை மரத்தில் செய்த அம்மன், இடுப்பு உயரம். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு ஏறுகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். காய் எடுப்பு முடிந்து இறங்கும்போது ஆளுக்கு ஒரு கை ஏலக்காய் காணிக்கை போடுவார்கள். அந்தக் கை ஏலக்காயில்தான் பூசாரி குடும்பம் அடுப்பெரித்தது.

அம்மன் எப்போதும் சேலைக்குள்தான் இருப்பாள். பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் சில நாட்கள் மட்டும் பழைய சேலையைக் களைந்து எண்ணெய்க் காப்புப் போட்டு வைப்பார்கள். அந்த நாட்களில் பூசாரியைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. மற்ற நாளில் பூசாரியே ஆனாலும் சேலையைத் தொட்டுக் களையக் கூடாது, களைந்தால் மழை தப்பிவிடும் என்பது ஊர்க் கட்டு. கோயிலுக்கு ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கித் தருகிறேன் என்று அமெரிக்க அம்மாள் சொல்லி அனுப்பினார். பூசாரி யோசித்தார். ஊர்ப் பெரியவரையும் கேட்டார். வரைகிறவன் குளித்துவிட்டு ஈரத் துணியோடு வாசல்படிக்கு வெளியே உட்கார்ந்து வரையலாம் என்று முடிவாயிற்று.

பூசாரி என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். நான் வரைகிற நாளெல்லாம் அவர் சம்சாரம் கம்பங்கூழும் உரித்த வெங்காயமும் கொண்டுவந்து வைப்பார். "கண்ணு பூத்துப் போகும் தம்பி, குடிச்சிட்டு வரையுங்க" என்பார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஆள் நான். அதுவே எனக்கு வினையாயிற்று.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பூசாரி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த அம்மாள் ஊரில் இந்தப் படத்தையெல்லாம் வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டார். கண்ணாடி அறைக்குள் வைப்பார்கள் என்றேன். படத்தையே அப்படி வைக்கிறவர்கள் மரத்தை எப்படி வைப்பார்கள் என்றார். "பழைய மரச்சாமான்னா அவங்களுக்கு உசுருண்ணே. காது ஒடஞ்ச குதிரையக்கூடப் பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க" என்றேன். "அப்படியா சங்கதி" என்றார். மறுநாளும் அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். நானும் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் ஊறிக் கறுத்த அந்த உருவத்தில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. இடது கழுத்தில் தொடங்கி மார்புக்குக் குறுக்காக இறங்கி விலாவில் முடிகிற ஒரு விரிசல். அதை யாரோ அரக்கு உருக்கி ஊற்றி நிரப்பி, மேலே சிவப்புச் சாயம் தடவியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மரத்தின் மினுக்கு வேறு, அரக்கின் மினுக்கு வேறு என்று தேடிப் பழகின கண்ணுக்குத்தான் தெரியும். சட்டப்படி அதையும் வரைந்தேன். சொல்லப்போனால், நான் வரைந்ததிலேயே அந்த விரிசல்தான் உசத்தி. பிரஷ்ஷில் நாலு மயிரை மட்டும் விட்டு மீதியைக் கட்டிவைத்து, மூச்சைப் பிடித்துப் பிடித்து ஒரு முழுப் பகலும் வரைந்த கோடு அது.

முடித்ததும் பூசாரிக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா அப்படியே உக்காந்திருக்காளே" என்றார். விரிசல் இருந்த இடத்தில் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பின்னப்பட்ட சாமியைக் கும்பிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும்தான். ஆனால் பிரஷ் கையில் இருக்கும்போது எனக்கு அது சாமியாகத் தெரியவில்லை, மரமாகத்தான் தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே அத்தனை மாதம் பழகினேன்.

சித்திரையில், தாள்களைக் கப்பலுக்கு அனுப்புவதற்கு முன் நம் ஜனங்களும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட்டார். போடியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஹாலிலேயே, விடுமுறை நாளில், என் தாள்களும் அவருடைய அமெரிக்கத் தாள்களும் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர்கள், லோடு இறக்கிவிட்டுப் போகிறவர்கள், பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள் என்று கூட்டம் வந்தது. புகையிலைக் கடை மனிதனைப் பார்த்து இவன் எந்த ஊர் அய்யனார் என்று கேட்டார்கள். வருஷா வருஷம் என்னைத் தன் வீட்டு வாசலில் நிற்கவைத்த தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்குப் பகல் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் பூசாரியின் பங்காளி வந்தார். பெரியப்பா மகன். கோயில் பூசை எங்களுக்கும் முறைப்படி வர வேண்டும் என்று பல வருஷமாக வழக்கடித்துக்கொண்டிருந்தவர். அம்மன் தாளுக்கு முன்னால் நின்றவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு கூட வந்தவர்களைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினார். கழுத்திலிருந்து விலா வரைக்கும் அந்த விரல் கோட்டின் மேலேயே போயிற்று.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் பூசை இருக்கும்போது சாமி பின்னப்படுகிறதோ, அவர் கையை விட்டுச் சாமி எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். பூசை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். கோயிலை ஒட்டிய வீட்டையும் காலி செய்ய வேண்டும். பங்காளி அந்த வாரமே ஊரைக் கூட்டிவிட்டார்.

கோயில் வாசலில் காலையில் கூடினார்கள். சாட்சிக்கு என் தாள் வேண்டும் என்று கேட்டதால் அமெரிக்க அம்மாளும் ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். அவரோடு தோட்டத்துக் கணக்கு எழுதுகிற ரைட்டர், மொழி சொல்ல. அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். சேலையைக் களைந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் அடுத்த பங்குனி வரைக்கும் களையக் கூடாதே. ஆகவே ஊருக்கு இருந்த ஒரே அத்தாட்சி என் தாள். அந்தத் தாளுக்கு அத்தாட்சி நான்.

பங்காளி எடுத்தவுடனேயே, "விரிசல் விட்ட சாமிக்கு அரக்கு அப்பி ஊரை ஏமாத்திக்கிட்டிருக்கான். வாத்தியார் கையாலயே ஆத்தா காட்டிக் குடுத்துட்டா" என்றார்.

ஊர்ப் பெரியவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்து, "அப்பு, நீங்க படிச்சவரு. உள்ளதச் சொல்லுங்க. இந்தக் கோடு ஆத்தா மேல இருக்கா, இல்ல உங்க கையில வந்ததா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்தேன். எதிரே பூசாரி நின்றார். கை கட்டி, கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கூழ் ஊற்றிய அவர் சம்சாரம். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு சொல்லில் இவர்களை நடுத்தெருவில் நிறுத்திவிடுவோமே என்று தோன்றியது. அமெரிக்க அம்மாள் அவர் ஊர்க் குதிரையின் உடைந்த காதை வரைந்தார், அதனால் யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை. நான் வரைந்த கோடு ஓர் அடுப்பில் தண்ணீரை ஊற்றப் போகிறது.

"என் கையில வந்ததுதாங்க" என்றேன். "பிரஷ்ல தண்ணி கூடிப்போச்சு. காயுறதுக்குள்ள சாயம் ஓடிக் கோடாயிருச்சு. சரி பண்ண நேரமில்ல, அப்படியே விட்டுட்டேன்."

சொல்லும்போதே எனக்குத் தெரியும், வாட்டர் கலர் தெரிந்த எவரும் இதை நம்ப மாட்டார்கள். தண்ணீர் ஓடினால் கறை பரவும். இப்படி நார் நாராக, அரக்கின் மினுக்கோடு, ஒரு கோடு விழாது. ஆனால் ஊரில் யாருக்கும் வாட்டர் கலர் தெரியாது. நம்பினார்கள். ஊர்ப் பெரியவர் பங்காளியைப் பார்த்து, சாயம் ஓடினதை வைத்துச் சாமி மேலேயே பழி போட்டாயே என்றார். ஊர் அவருக்கு அபராதம் போட்டது. இனிமேல் அவர் வகையறாவுக்குப் பூசையில் எந்தப் பேச்சும் இல்லை என்று தீர்த்துவிட்டது. பங்காளி என்னைப் பார்த்தார். சொன்னது உண்மை என்பதற்காக அவரை நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஆத்தாளும் வேண்டியதில்லை, விரிசலும் வேண்டியதில்லை, ஏலக்காய்தான் வேண்டும். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உண்மை பேசினவர் அவர் ஒருவர்தான்.

கூட்டத்தில் வாட்டர் கலர் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தாரே. ரைட்டர் அமெரிக்க அம்மாளின் காதில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் எழுந்து வந்து ஊர்ப் பெரியவர் கையிலிருந்து தாளை வாங்கினார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாளைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இரண்டு நாள் பொறுத்து நான் பங்களாவுக்குப் போனேன். தனியாகச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்பினேன். வராந்தாவில் ரைட்டர்தான் வந்தார். என் பெட்டியும் சாயக் கிண்ணங்களும் தயாராக வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"மேடம் சொல்றது என்னன்னா, ஒண்ணுகில் காகிதத்தில கள்ளம், அல்லெங்கில் வாயில கள்ளம். ரெண்டிலொண்ணு. ஏதுன்னு தெரியாம உங்க படம் ஒண்ணும் அனுப்ப முடியாது. கேட்டோ?" என்றார். பாவம், அவருக்கே அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு தாள் பொய் என்றால் மற்றத் தாளை யார் நம்புவார்கள். யாளி, படி, காவடி எல்லாமே ஒரே அடியில் பொய்யாகிவிட்டன. நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் அரைகுறை இங்கிலீஷில் அது ஆகாது, ரைட்டர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். ரைட்டரிடம் சொன்னால் தோட்டத்து ஆட்கள் வாயில் விழுந்து, மறுநாளே அடிவாரத்துக்கு இறங்கிவிடும். பூசாரியைக் காப்பாற்றிய காரியம் கெட்டுப்போகும். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தே இறங்கினேன். வழியில் அந்தக் கோயிலைத் தாண்டும்போதுகூட, போனால் போகிறது, ஒரு குடும்பம் பிழைத்ததே என்று என்னை நானே மெச்சிக்கொண்டதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சென்னை வேலைக்கு வேறு யாரோ போனார்கள். பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். நான் போர்டு எழுத ஆரம்பித்தேன். கடைப் பெயர், லாரி நெற்றியில் முருகன் துணை, தோட்டத்துச் சரக்குப் பெட்டிகளில் மார்க்கு. எழுத்து நேராக இருக்கும் என்று பெயர் வாங்கினேன்.

அடுத்த பங்குனி வந்தது. பூசாரி கனவில் ஆத்தா வந்தாள் என்று ஊரெல்லாம் பேச்சு. மரம் போதும், எனக்குக் கல்லில் உருவம் செய் என்றாளாம். முன்பென்றால், மரத்துக்கு என்ன வந்தது என்று பங்காளி குடைந்தெடுத்திருப்பார். இப்போது கேட்க ஆள் இல்லை. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி கல் விக்கிரகத்துக்கு உபயம் செய்தார். பூசாரி கலசத்தில் ஆத்தாளை இறக்கிக் கல்லுக்கு ஏற்றினார். பழைய மர உருவைக் கொட்டகுடி ஆற்றில் விட்டாயிற்று என்றார்கள். விரிசலும் தண்ணீரோடு போயிற்று, இனி அந்த மனிதருக்குப் பயமில்லை என்று நான்தான் மனசுக்குள் முதலில் சந்தோஷப்பட்டேன்.

சித்திரை பிறந்த சமயம் மலையிலிருந்து ஆள் வந்தது. பங்களாவைக் காலி செய்கிறார்கள், சாமான் பெட்டிகளில் விலாசம் எழுத வேண்டும், வெரசா வரச் சொன்னார்கள் என்றான். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேலை தேடி வருகிறபோது வீராப்புக் காட்டும் நிலையில் நான் இல்லை. சாய டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த ஜீப்பிலேயே ஏறினேன்.

வராந்தாவில் புதுப் பலகைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மூடி அறைந்தாயிற்று, ஒன்றைத் தவிர. நீளமான பெட்டி. எழுத்து எங்கே வர வேண்டும் என்று அளவு பார்க்கக் குனிந்தவன் உள்ளே பார்த்துவிட்டேன். வைக்கோல் மெத்தைமேல் ஆத்தா மல்லாக்கப் படுத்திருந்தாள். சேலை இல்லை, எண்ணெய் இல்லை, பொட்டு இல்லை. யாரோ சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அரக்கு உதிர்ந்து, கழுத்திலிருந்து விலா வரைக்கும் விரிசல் வாய் திறந்து கிடந்தது.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் அமெரிக்க அம்மாள் நின்றார். கையில் என் தாள். பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தாளை விரித்து ஆத்தாளுக்கு நேராகப் பிடித்தார். கோடும் விரிசலும் ஒன்றுதான், எங்கே வளைந்து எங்கே பிரிகிறதோ அங்கங்கே. அவர் ரைட்டரிடம் ஏதோ சொன்னார். குரல் கோபமாக இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"படம் ரொம்பச் சரியாணுன்னு மேடம் சொல்லுது. பின்ன அன்னிக்கு எதுக்குக் கள்ளம் சொல்லிச்சுன்னு கேக்குது" என்றார் ரைட்டர்.

யாரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேனோ, அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மற்றத் தாள்கள் எங்கே என்று மட்டும் கேட்டேன். ரைட்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மழைக்காலத்தில் ஈரம் பிடித்து மக்கிவிட்டது, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பற்ற வைக்கக் கொடுத்துவிட்டோம் என்றார். அனுப்புவதில்லை என்று ஒதுக்கினதை யார் பத்திரப்படுத்துவார்கள். அம்மன் தாளை மட்டும் அந்த அம்மாள் சுருட்டி, வைக்கோலுக்குள் ஆத்தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆட்கள் மூடியை அறைந்தார்கள்.

விலாசத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுத வேண்டியதை ரைட்டர் ஒரு சிட்டையில் தந்தார். கவனம், உடையும் பொருள், இந்தப் பக்கம் மேலே. எழுதினேன். தொழில் ஆயிற்றே. எழுத்து நேராகத்தான் வந்தது.

இறங்கும் வழியில் ஜீப்பைக் கோயிலடியில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். பூசாரி வாசலில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வா தம்பி, ஆளே காணமே" என்று முறம் ஒன்றை நகர்த்தி இடம் பண்ணினார். நான் உட்காரவில்லை. பெட்டியில் ஆத்தாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. மறைக்கவும் இல்லை. "ஆத்தா கல்லுக்குப் போயிட்டா. மிச்சம் மரந்தான தம்பி. ஆத்துல விட்டா அடுத்த ஊர்க்காரன் எடுத்து அடுப்புல வைப்பான். அங்க போனா கண்ணாடி ரூம்புல இருப்பா. நீதான சொன்ன?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உங்களுக்காக என் வேலை போயிற்று, சென்னை போயிற்று, ஒரு வருஷம் கண்ணைக் கெடுத்து வரைந்ததெல்லாம் அடுப்புக்குப் போயிற்று, உங்களுக்காகத்தானே ஊருக்கு முன்னால் பொய் சொன்னேன் என்று கத்தினேன்.

பூசாரி கையிலிருந்த ஏலக்காயை முறத்தில் போட்டார். நிஜமாகவே யோசிக்கிறவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"நான் உன்னயப் பொய் சொல்லச் சொன்னேனா? நல்லா நெனச்சுப் பாரு. விரிசல எங்கப்பாரு காலத்துல இருந்தே அரக்கு வச்சுத்தான் ஓட்டிட்டு வந்தோம். நீ வரஞ்சத அன்னிக்கே பாத்துட்டேன். அழிக்கச் சொன்னேனா? கூட்டத்துக்கு மொத நாளே உன் மதினி சட்டி பானையெல்லாம் கட்டி வச்சுட்டா. நீ உள்ளதச் சொல்லுவ, எறங்கிப் போவோம்னுதான் நின்னுக்கிட்டு இருந்தேன். நீயா சொன்ன. சொன்னதுக்கப்பறம் நான் எதுக்குப் போகணும்?"

கெஞ்சுகிறார் என்று நான் படித்த அந்தப் பார்வையில் ஒன்றுமே இருந்திருக்கவில்லை. சட்டி பானையைக் கட்டி வைத்துவிட்ட ஒரு மனிதரின் வெறும் பார்வை. மரத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, மனிதன் முகத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று தெரியாமல் போயிற்று.

அவர் சம்சாரம் உள்ளேயிருந்து ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார். "வெயில்ல வந்திருக்கீங்க தம்பி, குடிங்க" என்றார். விசிறி எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். தாகமாக இருந்தது. குடித்துவிட்டுத்தான் போனேன்.

அதற்கப்புறம் வாட்டர் கலரை நான் தொடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் போர்டு எழுதியே பிள்ளைகளைக் கரையேற்றினேன். பூசாரியும் பங்காளியும் இப்போது இல்லை, கல் அம்மன் மட்டும் இருக்கிறாள், தோட்டத்துக்கு ஏறுகிறவர்கள் கும்பிடுகிறார்கள். எங்கோ கடல் கடந்து ஒரு கண்ணாடி அறையில் என் தாளும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். வாழ்நாளில் நான் குறையில்லாமல் போட்ட கோடு அது ஒன்றுதான். அதை இல்லை என்று சொன்னவனும் நான்தான், அப்படிச் சொல்லும்படி என்னை யாருமே கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.